பழைய குட்டியானை எஃப்.சி.யில் தேறுமா?

இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்கள் முதல் வருசம் மண்ணைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாம் வருசம் மாட்டைப் பற்றி. மூன்றாம் வருசம், விளைச்சல் ஓரளவு நிலைக்கு வந்து, வியாபாரியிடம் போடாமல் நாமே நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற தைரியம் வந்ததும் வண்டியைப் பற்றிக் கேட்பார்கள். "ஏனுங்ண்ணா, பழைய குட்டியானை ஒன்னு வெலைக்கு வருது. வாங்கிப் போடலாமுங்களா? வருசா வருசம் எஃப்.சி. காட்டோணுமாமா, அதுல தேறுமுங்களா?"

சூலூர்ப் பக்கம் நாங்கள் சில விவசாயிகள் சேர்ந்து காய், கீரை, தேங்காய், முட்டை என்று திருச்சி ரோட்டைப் பிடித்துக் கோயமுத்தூருக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வண்டி எங்களுக்குப் பொது. பத்து வயசு தாண்டிய வண்டிதான். அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில் விழுந்ததால் மேலே சொன்ன கேள்வியும் என்னிடமே வருகிறது. என் பதில் இதுதான். தேறும். ஆனால் எந்தக் கம்பெனி வண்டி என்பதைவிட, அது இதுவரைக்கும் எதைச் சுமந்தது, இனிமேல் நீங்கள் எதைச் சுமக்க வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். மஞ்சள் போர்டு போட்ட சரக்கு வண்டி எதுவானாலும் தகுதிச் சான்று வேண்டும். நாம் எஃப்.சி. என்று சொல்வது அதைத்தான். 1988ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, அந்தச் சான்று இல்லாத சரக்கு வண்டியை முறையாகப் பதிவு செய்த வண்டியாகவே கணக்கில் எடுக்காது. அதாவது, ஆர்.சி. உங்கள் பையில் இருந்தாலும் பதிவில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டுகிற கணக்குதான். புது வண்டிக்கு முதல் சான்று இரண்டு வருசம் செல்லும். அதற்குப் பிறகு, 2018 நவம்பரில் மாற்றிய விதிப்படி, எட்டு வயசு வரைக்கும் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை, எட்டு வயசு தாண்டினால் வருசத்துக்கு ஒருமுறை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த எட்டு என்கிற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை வயசு வண்டிக்கும் எட்டரை வயசு வண்டிக்கும் விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம் சொல்வார்கள். அலைச்சலில் வித்தியாசம் இரண்டு மடங்கு.

பெர்மிட் வேறு, எஃப்.சி. வேறு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 66ஆம் பிரிவே விலக்குக் கொடுக்கிறது. குட்டியானை அந்த விலக்குக்குள் வந்துவிடும். "பெர்மிட்டே வேண்டாம்னுட்டாங்க, அப்பறம் எஃப்.சி. எதுக்கு?" என்று வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாதம் செல்லாது. லைசென்ஸ் விசயத்திலும் ஒரு நல்ல சேதி உண்டு. மொத்த எடை 7,500 கிலோ வரைக்குமான வண்டியைச் சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த யாரும் குட்டியானையை எடுக்கலாம்.

வெள்ளை போர்டு ஆம்னி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். உண்மைதான். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருசம். அதற்குப் பிறகு சோதனை காட்டி ஐந்தைந்து வருசமாக நீட்டிக்கலாம். ஆனால் ஆம்னி வருவது 2019இலேயே நின்றுவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் வயசான வண்டி. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுக் கூடைகளை அடுக்கினால் ஆர்.சி.யில் இருக்கிற வண்டியும் ரோட்டில் ஓடுகிற வண்டியும் வேறாகிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காயையும் காசு வாங்கிக்கொண்டு ஏற்றினால் அது வாடகைக்கு ஓட்டுவதாகிவிடும், அதற்கு வெள்ளை போர்டில் இடமில்லை. எங்களைப் போலச் சேர்ந்து விற்கிறவர்களுக்கு மஞ்சள் போர்டுதான் நிம்மதி.

சரி, எந்த வண்டி அதிகம் தேறுகிறது என்று பார்த்து வாங்க ஏதாவது பட்டியல் இருக்கிறதா? இங்கிலாந்தில் 1960இலிருந்து இப்படி ஒரு சோதனை நடக்கிறது. முதலில் பத்து வருசம் ஆன வண்டிக்கு மட்டும் வைத்தார்கள். இப்போது மூன்று வருசம் ஆனதுமே வருசா வருசம் காட்ட வேண்டும். அங்கே வாங்க நினைக்கிற வண்டியின் நம்பரைத் தட்டினால் போதும். அது எந்தெந்த வருசம் தேறியது, எந்த வருசம் எதனால் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எல்லாமே வந்துவிடும். ஜெர்மனியில் சோதனை நிலையங்களே எந்த மாடலில் எவ்வளவு குறை என்று வருசந்தோறும் வரிசைப்படுத்தி வெளியிடுகின்றன. இங்கே பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினால் எஃப்.சி. எந்தத் தேதி வரைக்கும், இன்சூரன்ஸ் எது வரைக்கும், புகைச் சான்று எது வரைக்கும் என்று தெரியும். அதுவே பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் போன முறை எதனால் திருப்பி அனுப்பினார்கள் என்பது அதில் வராது. அதை நாம் வண்டியின் உடம்பிலிருந்துதான் படிக்க வேண்டும்.

அந்த ஊர்களின் அனுபவத்தில் நமக்குப் பயன்படுகிற ஒன்று இருக்கிறது. அங்கே வண்டிகள் தோற்பதற்கு முதன்மையான காரணங்கள் விளக்குகளும் ஒயரிங்கும், அடிப்பட்டைகள், பிரேக், டயர். எஞ்சின் அந்த வரிசையின் முன்பக்கத்தில் இல்லை. நாம் பழைய வண்டி வாங்கும்போது என்ன செய்கிறோம்? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, காதைச் சாய்த்துக் கேட்டு, "எஞ்சின் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்று கை கொடுத்துவிடுகிறோம்.

வண்டியின் பூர்வீகம்

டாடா ஏஸ் 2005இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், சீட்டுக்கு அடியில். 12 அங்குலச் சக்கரம். ஏற்றக்கூடிய சுமை ஏறத்தாழ முக்கால் டன். ஓட்டுகிறவர்கள் மூன்று மடங்கு ஏற்றுவார்கள் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, முன்னாலும் பின்னாலும் பட்டைதான் வைத்தார்கள். அதற்குப் பிறகு மேக்சிமோ, தோஸ்த், சூப்ரோ, ஜீத்தோ, சூப்பர் கேரி என்று வரிசையாக வந்துவிட்டன. எதை வாங்கினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த வண்டி இதுக்கு முன்னால என்னங்க ஓட்டிட்டு இருந்தீங்க?"

எங்கள் பக்கத்தில் கிடைப்பதில் மிக நல்ல வண்டி, திருப்பூரில் பனியன் பண்டல் ஓட்டிய வண்டி. சுமை அளவானது, காய்ந்தது, மேலே எப்போதும் தார்ப்பாய் இருந்திருக்கும். பாடிக்குள் துரு இருக்காது. கொரியர் ஓட்டியது, பேக்கரிச் சரக்கு ஓட்டியது, இவையும் அப்படித்தான். கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் பரவாயில்லை. இதற்கு நேர் எதிர், தண்ணீர் கேன் ஓட்டிய வண்டி. 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. ஐம்பது கேன் ஏற்றினால் ஒரு டன், அதுவும் நாள் முழுக்க ஒழுகிக்கொண்டே. பட்டையும் போயிருக்கும், பாடியும் போயிருக்கும். பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கம் கோழிப்பண்ணைக்கு ஓட்டியது என்றால் அடியில் புகுந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள். கோழி எச்சம் இரும்பைத் தின்றுவிடும். எம்.சாண்ட், செங்கல் ஓட்டியதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நம்பரிலும் கொஞ்சம் படிக்கலாம். எங்கள் பக்கத்து வண்டி 37, 38, 66, 99 என்று கோவைக்குள்ளேயே இருக்கும். 40 மேட்டுப்பாளையம், 41 பொள்ளாச்சி. 43 என்றால் நீலகிரி, மலை ஏறி இறங்கிய வண்டி, பிரேக்கும் கிளட்சும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள். 69 தூத்துக்குடி, 65 ராமநாதபுரம், 51 நாகப்பட்டினம், இவையெல்லாம் உப்புக்காற்று. நம்பரை வைத்தே வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. எங்கே கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

எஃப்.சி. காட்டிய கையோடு விற்கிற வண்டி என்றால் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அன்றைக்கு அந்த வண்டியில் பிரேக் பிடித்தது, லைட் எரிந்தது என்பதற்கு அது சான்று. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று நிற்கிற வண்டிக்குள் எவ்வளவு துரு மூடிக் கிடக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லாது. ஒரு காந்தத் துண்டை எடுத்துப் போங்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது பட்டி. சேஸ் கட்டையைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு 'டங்' என்று பேசும், அரித்துப்போன இடம் 'டொக்' என்று அடங்கிவிடும். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நமக்கு இதெல்லாம் பெரிய வேலையா?

நம்ம சரக்கே நம்ம வண்டிக்கு எதிரி

இந்த இதழில் நான் சொல்ல நினைத்ததே இந்தப் பகுதியைத்தான். இரசாயனம் போடுகிறவர் மூட்டையை ஏற்றுவார், இறக்குவார். நாம் ஏற்றுவது எல்லாம் ஈரம். மாட்டுச் சாணம், கோமியம், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் கரைசல், மக்கிய குப்பை, தென்னை நார்க்கழிவு. கோமியத்தில் யூரியாவும் உப்புகளும் இருக்கின்றன. யூரியா சிதைந்தால் அம்மோனியா. உப்பில் இருக்கிற குளோரைடு இரும்பின் மேல் இருக்கிற பெயின்டில் ஒரு கீறல் கிடைத்தாலும் உள்ளே போய்விடும். மண்ணுக்கு அமிர்தம்தான், தகரத்துக்கு அது அமிலத்துக்குச் சமானம்.

கெட்டுப்போவது பாடி மட்டும் என்றால் டிங்கர் வேலையோடு முடிந்துவிடும். பாடியின் இடுக்கு வழியாக ஒழுகுவது நேராகக் கீழே போய் மூன்று இடத்தில் உட்காருகிறது. ஒன்று, சேஸ் கட்டையின் ஓரமாகப் பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய். மெல்லிய இரும்புக் குழாய்தான் அது. அரித்து ஊசித்துளை விழுந்தால் பெடல் ஒருநாள் காலடியில் அப்படியே இறங்கிவிடும். இரண்டு, பின் லைட்டுக்குப் போகிற ஒயரும் அதன் எர்த் போல்ட்டும். எர்த் துருப்பிடித்தால் பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மின்னும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் அணையும். எஃப்.சி.யில் திரும்பி வருகிற விவசாயி வண்டிகளில் நான் பார்த்தவரைக்கும் இதுதான் அதிகம். பல்பை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பல்பு நன்றாகத்தான் இருக்கும். மூன்று, பின்பட்டை சேஸோடு சேருகிற கண்ணும் யூ போல்ட்டும்.

அதற்கு நாங்கள் செய்வது சின்னச் சின்ன வேலைகள். கரைசலை மூடியுள்ள டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. நொதிக்கிற கரைசல் வாயு விடும், மூடியை இறுக்கினால் வெடிக்கும், தளர்த்தினால் தளும்பும். ஆகவே இடம் விட்டு, மூடியைத் தளர்த்தி, நிமிர்த்திக் கட்டிவிடுகிறோம். பாடிக்குள் கனமான ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் தார்ப்பாய். காய்க்குத் தனித் தார்ப்பாய், சாணத்துக்குத் தனி. பச்சைக் கீரையைத் தின்கிறவர்கள் நம்மை நம்பித்தான் தின்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சாணமோ கரைசலோ ஏற்றிய அன்றைக்குச் சாயங்காலமே பைப் போட்டு மேலேயும் அடியிலேயும் வெறும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அடியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாடியின் தளத்தில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும், அதில் நார்க்கழிவு அடைத்துக்கொள்ளும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும்.

துருவுக்குப் பயந்து அடியில் பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்ரோலிய ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊதி இளகிப்போகும். ஒழுகுகிறது போய்ச் சேருவதும் நம் தோட்டத்து மண்ணுக்குத்தான். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேலே கறுப்பு பெயின்ட். வருசம் ஒருமுறை, எஃப்.சி.க்கு முந்தின மாதம் அடித்தால் சோதனைக்கும் அதுவே ஆயிற்று.

அடுத்தது எடை. உரிக்காத தேங்காய் ஒன்றை ஒன்றேகால் கிலோ என்று வைத்தால் 600 காய் ஏற்றினால் முக்கால் டன் வந்துவிடும். குட்டியானையில் ஆயிரம் காய் ஏற்றாமல் எந்தத் தோப்புக்காரர் விட்டிருக்கிறார்? பாடிக்கு மேல் உயரமாகக் கம்பிச் சட்டம் அடித்துக்கொண்டு ஏற்றுவார்கள். அந்தச் சட்டமே எஃப்.சி.யில் ஒரு குறை, ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் அது. பட்டை நிமிர்ந்து தட்டையாகிவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சமதரையில் நிறுத்திப் பின்னால் இருபதடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். இரண்டு நடை அடித்தால் டீசல் செலவு கூடுகிறதே என்பார்கள். பட்டை செட்டு, டயர், கிங் பின் என்று வருசக் கடைசியில் பட்டறையில் கொடுப்பதையும் அந்த டீசலோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அது கணக்கு.

ஒரு மாதம் முன்னால்

எஃப்.சி. முடிகிற தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வண்டியைச் சும்மா ஒரு அரை நாள் நிறுத்திப் பார்க்கிறோம். முதலில் டயர். காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அளக்கக் கருவி வேண்டாம். காடிக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் டயரை மட்டும் மாற்றுவது வீண் செலவு, வண்டி நேராக ஓடவில்லை என்று அர்த்தம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'கடக் கடக்' என்றால் கிங் பின்னோ பேரிங்கோ.

பிரேக்குக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் சோதனைக்குப் போகக் கூடாது. நம் வண்டி டிரம்முக்குள் சேறும் சாணமும் காய்ந்து மாவாகக் கிடக்கும். வீல் சிலிண்டரில் கசிவு இருந்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு வருசத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் களத்து மேட்டில் சுமையோடு நிறுத்திப் பாருங்கள். அதைப் போடுகிற பழக்கமே நம்மிடம் இல்லை, கல்லை அண்டக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். போடாமலே கிடந்து ஒயர் இறுகிப்போயிருக்கும்.

புகை. நார்க்கழிவு, உமி, வைக்கோல் தூசிக்குள் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். காற்றுப் போதாவிட்டால் கறும்புகை. டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி பழைய மாடலில் 65க்குள்ளும், பி.எஸ். 4 வண்டியில் 50க்குள்ளும் இருக்க வேண்டும். ஃபில்டரை மாற்றி, டேப்பட் பார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடேறப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேராகப் புகை சோதனைக்குப் போனால் பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படியும் கறுத்தால் இன்ஜெக்டர். வண்டியைத் தோட்டத்திலிருந்து எடுத்துப் பக்கத்திலேயே ஆறிய எஞ்சினோடு காட்டுகிறவர்கள்தான் இதில் வீணாக மாட்டிக்கொள்கிறார்கள். சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் சிலிண்டருக்கு மூன்று வருசத்துக்கு ஒருமுறை தனிச் சோதனை உண்டு, அந்தத் தேதியையும் பாருங்கள்.

மிச்சமெல்லாம் சில்லறை. ஆனால் இந்தச் சில்லறைதான் திருப்பி அனுப்புகிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் ஸ்டிக்கர், அங்கீகாரம் உள்ளதாகவும் அதற்குரிய சான்றோடும். வைப்பர், ஹாரன், இரண்டு பக்கக் கண்ணாடி, ரிவர்ஸ் லைட், மட்கார்டு, முதலுதவிப் பெட்டி, முக்கோண எச்சரிக்கைப் பலகை. சேஸ் நம்பர் துரு ஏறி மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் போட்டு மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எழுத்தை அழித்துவிடாதீர்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லா மாடலுக்கும் கட்டாயமில்லை. 80 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதது என்று சான்று பெற்ற மாடல்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் வண்டி எதில் வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் வீணாக ஒன்றை வாங்கி மாட்ட வேண்டாம்.

காகிதத்தில் இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி, பாக்கி அபராதம், கடன் இருந்தால் அதன் விவரம். அபராதம் நமக்குத் தெரியாமலே ஆன்லைனில் ஏறியிருக்கும். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு முந்தின உரிமையாளர் காலத்து அபராதம் எல்லாம் எஃப்.சி. அன்றைக்குத்தான் தெரியவரும். வாங்குகிற அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றாமல் பழையவர் பெயரிலேயே ஓட்டுவது அதைவிட மோசம்.

விண்ணப்பமும் கட்டணமும் ஆன்லைனில்தான். வண்டிக்கு வயசு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நாளும் நேரமும் எடுத்துக்கொண்டு வண்டியை நாமே கொண்டுபோய்க் காட்டலாம். இடையில் ஆள் இல்லாமல் முடியாது என்பார்கள். வண்டியில் குறை இருந்தால்தான் இடையில் ஆள் வேண்டும் என்பது என் எண்ணம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதே 56ஆம் பிரிவு சொல்கிறது. பணிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, அதில் எழுதியதை மட்டும் சரிசெய்து மறுபடி போங்கள். பட்டறைக்காரர் தோன்றியதையெல்லாம் மாற்றுவதற்கு அந்தக் காகிதம் ஒரு கடிவாளம்.

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு 2021இல் விதி வந்துவிட்டது. இனி படிப்படியாக எல்லா இடத்திலும் அதுதான். உருளை மேல் வண்டியை ஏற்றி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது, ஹெட்லைட் எந்தப் பக்கம் விழுகிறது, புகை எவ்வளவு என்று மெஷினே அளந்துவிடும். பெயின்ட் வாசனைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தவர்கள் அங்கே பயப்பட வேண்டியதில்லை.

சான்று இல்லாமல் இரண்டு நாள் ஓட்டினால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். அந்த இரண்டு நாளில் ஒரு விபத்து ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கிற காகிதம் அதுதான். வழக்கு கோர்ட்டுக்குப் போய், கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டை வண்டிக்காரரிடமே வசூல் பண்ணிக்கொள்ளச் சொல்கிற தீர்ப்புகள் உண்டு. ஒரு ஏக்கர் போய்விடுகிற தொகை அது.

தேதியை நமக்குத் தோதாக அமைத்துக்கொள்ளவும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டறையில் பெயின்ட் காயாது. தைக்கு முன்னால் சந்தை உச்சத்தில் இருக்கும். எங்கள் வண்டிக்குத் தேதி மாசிக் கடைசியில் விழுகிறது. தை முடிந்ததும் பட்டறையில் விட்டுவிடுகிறோம். அந்த ஒரு வாரத்துக்கு அறுவடைக்கு வராதபடி கீரை விதைப்பைத் தள்ளிப் போடுகிறோம். தேங்காயும் பூசணியும் காத்திருக்கும். முட்டைக்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் மொபெட்.